பாச்சை உருண்டை எங்கே போகிறது?

பட்டுப்புடவைகளுக்கு நடுவே தை மாதம் வைத்த பாச்சை உருண்டைகள் ஆவணிக்குள் மிளகளவாகச் சிறுத்துவிட்டனவென்றும், துணியில் ஒரு சொட்டு ஈரமும் காணோமென்றும், அப்படியானால் அந்த வஸ்து போன வழி என்னவென்றும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உருண்டை, நாப்தலின் என்ற ஹைட்ரோகார்பன். (பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறொரு சரக்கும் இதே பெயரில் விற்கிறது, சுபாவம் ஒன்றுதான்.) 80 டிகிரி செல்சியஸில் உருகி 218 டிகிரியில் கொதிக்கவேண்டிய இப்பதார்த்தம், அலமாரியின் இளஞ்சூட்டிலேயே நேராக ஆவியாகிவிடுகிறது. பத்துக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்து இரட்டை வளையமாகத் தட்டையாய் அமைந்த அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும், கல்யாண மண்டபத்துக்குக் கைகோத்து வந்த பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம். குடும்பத்துக்குள் பந்தம் அபாரமானாலும், பக்கத்துக் குடும்பத்தோடு உறவு வெறும் புன்னகையளவே ஆகையால், ஓரத்தில் இருப்பவர்கள் திரவ நிலை என்னும் பந்தியில் அமராமலே, தாம்பூலமும் வாங்காமல் நடையைக் கட்டிவிடுகிறார்கள். வாசற்கதவு சாத்தியிருந்தாலோ, தாழ்வாரம்வரை போனவர்கள் நெரிசல் தாளாமல் திரும்புகிறார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் சமமாகிவிட்ட அந்தக் கட்டத்தில், மொய் எழுதுகிறவர் கூட்டத்தில் ஒரு மாறுதலும் காணமாட்டார்.

இறுக மூடிய பெட்டியில் உருண்டை நெடுநாள் நிற்பதும், ஆவி செறிந்து அந்துப்பூச்சியின் புழுவைக் கொல்வதும் இதனால்தான். காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமான ஆவியாதலால், உருண்டையைத் துணிக்கு மேலே வைப்பதே உசிதம். குளியலறை மூலையில் தொங்கவிட்டுக் கிருமிகள் ஒழிந்தனவென்று நிம்மதி கொள்வது விளம்பரக்காரரின் சாமர்த்தியத்துக்கு நாம் செலுத்தும் கப்பம். அங்கே மூக்கு ஒன்றுதான் ஏமாறுகிறது.

சரித்திரம் இல்லாமல் கட்டுரை முடியாதென்பார்கள். நிலக்கரித் தாரில் கிடைத்த இதற்கு 1821-இல் ஜான் கிட் பெயரிட்டார். 1826-இல் பாரடே இதன் அணுச்சேர்க்கையைக் கணித்தார். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி நாப்தலினிலிருந்து செய்த அவுரி நீலத்தைச் சந்தைக்கு விட்டு, பீகாரின் அவுரிச் சாகுபடியை நசியச் செய்தது. போதும்.

தொழிற்சாலைகளுக்குப் போகும் நாப்தலினில் உருண்டையாவது சொற்பமே. பெரும்பங்கு தாலிக் அன்ஹைட்ரைடாக மாறி, மின்கம்பி உறையின் பி.வி.சி.யை வளையச் செய்யும் எண்ணெய்களுக்கு மூலமாகிறது. கந்தக அமிலமும் பார்மால்டிஹைடும் சேர்த்துச் சமைத்த இன்னொரு பங்கு, கான்கிரீட் கலவையில் சிமெண்ட் துகள்களைப் பற்றி, அவை யாவற்றுக்கும் எதிர் மின்னூட்டம் தந்து ஒன்றையொன்று விலகச் செய்வதால், தண்ணீரைக் குறைத்தும் கலவை இளகி ஓடுகிறது.

உருண்டை வைத்த துணியைக் காற்றாடவிடாமல் பச்சிளங்குழந்தைக்குச் சுற்றுவதுதான் விபரீதம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தையானால், அந்த ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையில் கொண்டுவிடும்.