புண்ணாக்கைச் செக்கடியில் விட்டுவிட்டு வராதீங்க

செக்குக்குப் போகிறவர்களில் பலர் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு, புண்ணாக்கை ஆட்டின கூலிக்குக் கழித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் கூலியைக் காசாகக் கொடுத்துவிட்டு, புண்ணாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் பாதிக்கு மேல் புண்ணாக்காகத்தான் நிற்கும். செடி மண்ணிலிருந்து எடுத்த சத்து எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில் தங்குகிறது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதம். எள்ளில் 6, வேம்பில் 5, தேங்காயில் 3 இருக்கும். இதைக் கொடுத்துவிட்டு, காட்டுக்கு உரம் தேடி அலைவது என்ன கணக்கோ!

மாடு தின்கிற புண்ணாக்கை நேரே மண்ணில் போட எனக்கு மனசு வராது. மாட்டுக்கு வைத்தால் பாலும் கிடைக்கும், சத்தில் பெரும்பங்கு சாணமும் மூத்திரமுமாகக் காட்டுக்கே திரும்பிவிடும். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதனால் சீக்கிரம் காறிப்போகும், அதிக நாள் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். கடலைப் புண்ணாக்கில் வரும் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம்ம வீட்டுப் பிள்ளைதானே? வெயிலில் உலர்த்திக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீங்க. பூசணம் கண்டால் குப்பைக்குழிதான்.

ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்குக் காட்டவே கூடாது. ரிசின் என்கிற நஞ்சு எண்ணெயில் இறங்காமல் சக்கையிலேயே நின்றுவிடுகிறது, மாட்டின் உயிரையே எடுத்துவிடும். கடலை மூட்டை இருக்கும் கொட்டகையில் இதை அடுக்காதீங்க, அவசரத்தில் கை மாறும். காட்டில் போட்டாலும் மண்ணைக் கிளறி மூடிவிடுங்க, வாசனைக்கு நாய் வந்து தின்னும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு உபயோகம்: ஒரு கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் காண்டாமிருக வண்டு தேடி வந்து விழும். காலையில் பொறுக்கிக் கொன்றுவிடலாம்.

வேப்பம் புண்ணாக்கைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி, கத்தரியில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ போடுங்க.

இலுப்பைப் புண்ணாக்கு அந்தக் காலத்தில் தலைக்குத் தேய்த்த சரக்கு. அதில் நுரை வரவைக்கிற அதே பொருள்தான் மீனையும் மண்புழுவையும் கொல்லும். எண்ணெய்ப் பிசுக்குப் போக அதைத் தேய்த்துக் குளிப்பவர்கள், அந்தத் தண்ணீர் மண்புழு உரத் தொட்டிப் பக்கம் ஓடாமல் வாய்க்காலை மாற்றி வையுங்க.