காவிக்கல்லின் கணக்கு

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலுள்ள சித்தன்னவாசற் குடைவரையில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அங்குள்ள தாமரைத் தடாகத்தைக் கண்டு வியப்போர் பலர்; அதனைத் தீட்டிய வண்ணம் யாது என வினவுவோர் சிலரே. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் இரசாயன நிபுணரான எஸ். பரமசிவன், 1930-ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டில் இவ்வினாவை எழுப்பி ஆராய்ந்தார். சுண்ணச்சாந்தின்மேல் செங்காவி, மஞ்சட்காவி முதலிய கனிப்பொருள்கள் தீட்டப்பட்டிருத்தலைக் கண்டார். அவற்றுள் செங்காவியை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளின் இயல்பை எண்ணால் உரைக்குமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

செங்காவிக்கு நிறம் தருவது இரும்பும் பிராணவாயுவும் கூடிய சேர்மமாகும். அதன் எடையில் நூற்றுக்கு 69.94 பங்கு இரும்பு, 30.06 பங்கு பிராணவாயு. இதுவே நூற்றுவீத இயைபு எனப்படும். இதனைக் கண்டவுடன், இரும்பணுக்களே மிகுதி என எண்ணுதல் கூடாது. எடை வேறு, எண்ணிக்கை வேறு. புளியங்கொட்டையும் குன்றிமணியும் கலந்த குவியலில் ஒவ்வொன்றும் எத்தனை என அறிய வேண்டின், ஒவ்வொன்றன் மொத்த எடையை அதன் ஒரு விதையின் எடையால் வகுத்தல் வேண்டுமன்றோ? அணுக்களுக்கும் அஃதே முறை.

இரும்பின் அணுநிறை 55.85, பிராணவாயுவின் அணுநிறை 16. 69.94-ஐ 55.85-ஆல் வகுக்க 1.252 வரும், 30.06-ஐ 16-ஆல் வகுக்க 1.879 வரும். இவ்விரண்டனுள் சிறியதால் இரண்டையும் வகுப்பின் 1, 1.5 என அமையும். அணுவில் பாதி கூடுவதின்மையின், இரண்டால் பெருக்குக. இரண்டு இரும்பணுவுக்கு மூன்று பிராணவாயு அணு என்பது பெறப்பட்டது. இதுவே விகித வாய்பாடு. எடையிற் குறைந்த பிராணவாயுவே எண்ணிக்கையில் மிக்கதாதல் காண்க.

ஈண்டு இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இவ்வாய்பாடு விகிதத்தையே கூறும். காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்துக்கும், இனிக்கும் திராட்சைச் சர்க்கரைக்கும் விகித வாய்பாடு ஒன்றே, பொருள்களோ வேறு. இரண்டாவது, வாய்பாடு சேர்மத்துக்கே உரியது, கலவைக்கு இல்லை. மலையில் அகழ்ந்த காவியில் களியும் மணலும் கலந்திருத்தலின், அவற்றைப் பிரியாது நிறுத்துக் கணக்கிடின் பிழையே விளையும்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. ஓவியத்தைத் தாங்கும் சுண்ணச்சாந்து, காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணக்கல்லின் இயல்பை அடைகின்றது. தூய சுண்ணக்கல்லின் நூறு பங்கில் 44 பங்கு அவ்வாயுவே. அமிலம் படின் அது நுரைத்து வெளியேறும், சாந்து கரையும், அதன்மேல் நின்ற வண்ணமும் உடன் அழியும். பழைய ஓவியத்தைத் துலக்கப் புகுவோன் எத்துணை அன்புடையவனாயினும், சுவர் இன்னதென அறியானாயின் ஒரு நாளில் ஆயிரம் ஆண்டுச் செல்வத்தை இழப்பான்.