ஒரு புள்ளியில் நழுவும் உலகக் கோப்பை

2023 அக்டோபர் 15, பாரிஸ். ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதி. பிரான்ஸின் தொமா ராமோஸ் கன்வர்ஷன் உதைக்கத் தயாராகிறார். பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றி ‘ட்ரை’ அடித்த அணிக்குக் கிடைக்கும் இந்த உதை கம்பங்களுக்கு நடுவே போனால் 2 புள்ளி. அவர் கால் அசைந்த கணத்தில் கோட்டிலிருந்து பாய்ந்து வந்த தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி, பந்து மேலே எழும்புவதற்குள் தடுத்துவிட்டார். முடிவு: தென்னாப்பிரிக்கா 29, பிரான்ஸ் 28. பிறகு அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அந்த அணி. மூன்று வெற்றியும் ஒரே ஒரு புள்ளியில்!

இப்படிப்பட்ட ஆட்டத்தில் யார் வெல்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். 2003 முதல் உலகத் தரவரிசைக்காக ஒவ்வொரு நாட்டு அணிக்கும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் உண்டு. அதன் அழகு, ஒருவர் பெறுவதை மற்றவர் இழக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. சமபலமுள்ள இருவர் மோதினால் வென்றவருக்கு 1 மதிப்பெண் போகும். வலியவர் எளியவரை வென்றால் அதைவிடக் குறைவு. 10 மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருந்தால் எதுவுமே கிடையாது. எளியவர் வென்றால் 2 வரை கிடைக்கும். 15 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால் ஒன்றரை மடங்கு, உலகக் கோப்பை ஆட்டமென்றால் இரு மடங்கு. சொந்த மண்ணில் ஆடும் அணிக்குக் கணக்கில் 3 மதிப்பெண் கூட்டிக்கொள்வார்கள். ஆக, 85 மதிப்பெண் உள்ள அணி தன் ஊரில் 88 உள்ள அணிக்குச் சமம்.

கால்பந்தைவிட ரக்பியில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கிறது. கால்பந்தில் விழுவது ஒன்றிரண்டு கோல். ஒரு தற்செயல் போதும், முடிவு தலைகீழாகும். ரக்பியின் 80 நிமிடத்தில் பலமுறை புள்ளி சேர்வதால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 1987 முதல் நடந்த பத்து உலகக் கோப்பைகளையும் தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்ற நான்கே நாடுகள்தான் பங்கிட்டுக்கொண்டன. 2015-ல் ஜப்பான் 34-32 என்று தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியதை இன்றும் அதிசயமாகப் பேசுவது அதனால்தான்.

ஆனால் சமபலமுள்ளவர்கள் மோதும்போது எந்தக் கணக்கும் கைவிடும். தொடர்ந்து 17 ஆட்டங்களை வென்று, தரவரிசையில் முதலிடத்தோடு வந்த அயர்லாந்து, 2023 காலிறுதியில் நியூசிலாந்திடம் 24-28 என்று தோற்றது. அயர்லாந்து இதுவரை உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டியதே இல்லை. 2023 தோல்விக்குக் குலுக்கலும் ஒரு காரணம். 2020 ஜனவரித் தரவரிசையை வைத்து, போட்டிக்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்பே பிரிவுகளைப் பிரித்துவிட்டார்கள். தலைசிறந்த அணிகள் ஒரே பக்கம் குவிந்து காலிறுதியிலேயே மோதிக்கொண்டன. அது விளையாட்டுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன்.

2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில். இம்முறை குலுக்கலை 2025 டிசம்பரில்தான் நடத்தினார்கள், நல்ல மாற்றம். அணிகள் 20-லிருந்து 24 ஆகின்றன. காலிறுதிக்கு முன் புதிதாக ஒரு நாக்-அவுட் சுற்றும் வருகிறது. ஓர் அணி ஒவ்வொரு நாக்-அவுட் ஆட்டத்திலும் வெல்ல 75 சதவீத வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். முன்புபோல் மூன்று ஆட்டம் என்றால், மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 42 சதவீதம். நான்கு என்றால் 32 சதவீதமாகக் குறையும். முதல் நாக்-அவுட்டில் வலியவர்களுக்குப் பெரும்பாலும் எளிய எதிரிகளே வாய்ப்பார்கள் என்பதால், உண்மையில் சரிவு இவ்வளவு இருக்காது.

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்த மண் பலம் இருக்கிறது. ஆனால் அதன் பிரிவிலேயே நியூசிலாந்தும் இருக்கிறது. 2025 முடிவில் தரவரிசையின் உச்சியில் இருந்தது தென்னாப்பிரிக்கா. நெருக்கடியில் ஒரு புள்ளியைக் காப்பாற்றத் தெரிந்த அணி என்பதால் என் கணிப்பும் அதன் பக்கமே. 2019, 2023-ஐத் தொடர்ந்து இதையும் வென்றால், மூன்று முறை அடுத்தடுத்து வென்ற முதல் அணி அதுவாகும்.