குத்தகைப் பாக்கியும் குடியானவர் கதியும்

திண்டுக்கல் சமவெளியில் மழை பொய்த்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் குத்தகைப் பாக்கி ஏறும். அப்பாக்கியைக் காட்டிக் குடியானவரை நிலச்சொந்தக்காரர் தாமே வெளியேற்றுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. 1955-ம் வருஷத்திய சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் ரெவின்யூ அதிகாரியிடம் மனுச் செய்யவேண்டும். அதிகாரி நியாயமான தவணை கொடுக்கலாம். தவணைக்குள் பாக்கியைச் செலுத்தினால் சாகுபடி உரிமை நிலைக்கும். தவறினால் வெளியேற்ற உத்தரவு பிறக்கும்.

சொந்தக்காரருக்குச் சேரவேண்டியது சேரட்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பேச்சிலே குத்தகை பேசி, ரசீதின்றிப் பணமோ தானியமோ கொடுத்தவர் தாம் குத்தகைதாரரென்பதற்கு எதை ருசுவாகக் காட்டுவார்? அவருக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. 1969-ம் வருஷத்திய சட்டம் குத்தகை உரிமைப் பதிவேட்டை ஏற்படுத்திற்று. கிராமத் தொண்டில் இறங்கும் அன்பர்கள், மேடைப் பிரசங்கத்துக்கு முன், குடியானவர் பெயர் அதில் ஏறியுள்ளதா என்று பார்ப்பார்களாக.