தேயிலைக்கு மணம் தரும் கச்சான் காற்றும் விடுமுறைக் கயாக்குகளும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பதுளை, வெலிமடை, பண்டாரவளை, குருத்தலாவை ஆகிய ஊர்களிலிருந்து வேன்கள் புறப்படத் தொடங்கிவிடும். சிலர் நுவரெலியா கிரகறி வாவிக்குப் போவார்கள். சிலர் மஹியங்கனை சொரபொர வாவிக்கு இறங்குவார்கள். இளைஞர்களில் பெரும்பாலானோர் மொனராகலை, சியம்பலாண்டுவ ஊடாகப் பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் செல்வார்கள். சோற்றுப் பொதி, மாற்றுடை, தொழுகை விரிப்பு எல்லாம் மறக்காமல் வேனில் ஏறும். நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முன்பு இந்தப் பயணங்களில் கரையோரமாகக் குளிப்பதுதான் வழக்கம். இப்போது வாடகைக் கயாக், மிதி படகு, காற்றடைத்த மிதவை என்பனவும் சேர்ந்துவிட்டன. துடுப்பைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எவரும் கயாக் ஓட்டிவிடலாம். ஆபத்தும் அந்த இலகுவில்தான் இருக்கிறது. போவதற்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படுவதில்லை, திரும்பி வருவதற்குத்தான் தேவைப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஊவா மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு விடயத்திலிருந்து தொடங்கலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் நல்ல விலையும் உண்டு என்பது தோட்டங்களில் அனைவரும் அறிந்தது. காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த நிலையில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க அது சூடாகி மேலும் உலர்கிறது. அந்த வரட்சியில் கொழுந்தின் வளர்ச்சி மெதுவாகி, மணம் தரும் சேர்மங்கள் அதில் செறிகின்றன. கிழக்கில் இந்தக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர்.

அதே கச்சான் ஊவாவைக் கடந்து கிழக்குக் கரையை அடையும்போது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அறுகம்பை, பாசிக்குடா போன்ற இடங்களின் சுற்றுலாப் பருவமும் இதே மாதங்களில்தான் வருகிறது. தரைக்காற்று வீசும் வேளையில் கரையோர நீர் அமைதியாகத் தெரியும். கரையில் உள்ள மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைத்துக்கொள்வதால் நிற்பவருக்கு அதன் வேகமும் விளங்காது. கடல் நன்றாக இருக்கிறது என்று எண்ணிக் கயாக்கில் ஏறினால், முதல் இருநூறு மீற்றர் சிரமமின்றிப் போய்விடும். அதில் பாதிக்கு மேல் காற்றுதான் தள்ளிக்கொண்டு போயிருக்கும். திரும்பும்போதுதான் அது புரியும். பழக்கமில்லாத ஒருவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் வேகத்தில் துடுப்புப் போடுவார். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கை ஓய்ந்துபோகும், காற்று ஓயாது.

பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுபவர்கள் இந்தப் பாடத்தை முதல் நாளே படிக்கிறார்கள். எமது நாட்டில் இவ்விளையாட்டு கொழும்புத் துறைமுகத்தையும் பொல்கொட வாவியையும் சுற்றியே வளர்ந்தது. நீர்கொழும்பு மீனவர்களின் பாய்மர ஓருக்களும் போட்டியிடுவதுண்டு. எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேராக எதிர்த்துப் போகாது. ஏறக்குறைய 45 பாகை சாய்வில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வளைந்து வளைந்துதான் காற்று வரும் திசைக்கு ஏற முடியும். அதனால் பந்தயக்காரர் படகில் ஏறும் முன்பே காற்று எங்கிருந்து வருகிறது, எப்படித் திரும்புவது என்று பார்த்துவிடுவார். பலரும் கற்றுக்கொள்ளும்போது முதலில் காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்பி வருகிறார்கள். கயாக்குக்கும் இதுவே பொன்னான விதி. கரையில் நின்று கொஞ்சம் மணலையோ உலர்ந்த புல்லையோ தூவிப் பாருங்கள். அது தண்ணீர்ப் பக்கம் பறந்தால் அன்று கயாக்கும் காற்றடைத்த மிதவையும் வேண்டாம்.

கடலில் மட்டும் இந்த நிலை என்று நினைத்துவிடக் கூடாது. சொரபொர வாவியிலும் சேனாநாயக்க சமுத்திரத்திலும் காற்று நீண்ட நீர்ப்பரப்பின் மேல் ஓடி மறுகரையில் அலையை எழுப்பும். இக்கரையில் தட்டையாகத் தெரியும் நீர் நடுவில் படகைப் புரட்டும். இங்கினியாகல பக்கம் நீருக்குள் பட்ட மரங்களும் பாறைகளும் உண்டு. பொத்துவில் களப்பில் முதலைகள் உண்டு. அங்கெல்லாம் உள்ளூர் மீனவர்கள் ஓட்டும் படகில் செல்வதே முறை.

எமது மலைப்பக்க அருவிகள் வேறு விதமானவை. 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியின் மேலுள்ள தடாகங்களுக்கு இளைஞர்கள் கூட்டமாகப் போகிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் பூணாகலைப் பக்கம் மழை கொட்டினால் சற்று நேரத்தில் நீர் பெருகிவிடும். நீர் கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நொடியே மேட்டுக்கு ஏற வேண்டும். பகல் உணவுக்குப் பின் அங்கே நீராடாமல் இருப்பது இன்னும் நல்லது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள். ஐக்கிய நாடுகள் சபை ஆண்டுதோறும் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக 2021இல் அறிவித்தது. எமது சமூகத்துக்கு இந்தத் துயரத்தைப் புள்ளிவிபரத்தால் விளக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று மத்ரஸா மாணவர்களை இழந்தோம். அவை உல்லாசப் பயணங்கள் அல்ல, வீட்டுக்கும் படிப்புக்குமான பயணங்கள். ஆனாலும் மிதக்கத் தெரிவதும் உயிர்காப்பு அங்கி அணிவதும் எந்தப் பயணத்திலும் ஓர் உயிருக்குச் சில நிமிட அவகாசம் தரும்.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீரில் மூழ்கி மரணிப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அது பெரும் ஆறுதல். அதைக் காரணம் காட்டிப் பயண ஏற்பாட்டாளர்கள் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. நமது கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்வதைக் குர்ஆன் தடுக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் நபிவழிதான். உயிர்காப்பு அங்கி நமது காலத்தின் ஒட்டகக் கயிறு.

அந்த அங்கியைப் பெயருக்கு மாட்டிக்கொள்வதிலும் பயனில்லை. எல்லாப் பட்டிகளையும் இறுக்கிய பின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது தளர்வு, அல்லது அளவு பெரிது. சிறுவனுக்குப் பெரியவரின் அங்கியைப் போட்டால் அவன் அதிலிருந்து வழுகிவிடுவான். பெண்கள் அபாயாவுக்கு மேலே அணியலாம். ஆனால் நீண்ட துணி நனைந்து காலைச் சுற்றும் என்பதால் உள்ளே தளர்வான நீளக் காற்சட்டையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் மேலாடையும் உகந்தவை. மார்க்க வரம்பும் பேணப்படும், கால்களும் அசையும்.

படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகக் கூடாது. கவிழ்ந்த கயாக்கும் மிதக்கும், தேடி வருபவர் கண்ணுக்கும் அதுவே தெரியும். ஒருவர் தத்தளிக்கும்போது பயிற்சியில்லாதவர் குதித்தால் ஜனாஸா இரண்டாகலாம். கயிறு, சாரம், மூடியிட்ட வெற்றுத் தண்ணீர்க் கான், எது கிடைத்தாலும் எறியுங்கள். கூடவே 119க்கும் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸுக்கும் அழையுங்கள்.

ஊவாவில் நீச்சல் தடாகங்கள் மிகக் குறைவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கும் ஆறும் குளமும்தான் தடாகம். எனவே பள்ளிவாசல் நிருவாகங்களும் அஹதியா பாடசாலைகளும் மூன்று காரியங்களைச் செய்யலாம். விடுமுறைக்கு முந்திய ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசலாம். தமது பெயரில் போகும் பயணத்தில் நீந்தத் தெரிந்த இரு பெரியவர்களும் போதிய அங்கிகளும் இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்க அனுமதிப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். பக்கத்துத் தோட்டங்களோடும் பாடசாலைகளோடும் சேர்ந்து, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரத்தில் நீச்சல் பயிற்சி ஒழுங்கு செய்யலாம். பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்றுக்கொடுப்பது எமது மார்க்கத்தில் ஊக்குவிக்கப்பட்ட காரியமே.

அடுத்த விடுமுறைக்கும் வேன்கள் புறப்படத்தான் போகின்றன, போகட்டும். பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும், துடுப்பும் போடட்டும். ஏறியவர்களை எண்ணிக்கொண்டு புறப்படும் வேன், அதே எண்ணிக்கையோடு வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. அதற்கான கயிற்றைக் கட்டுவது எமது வேலை.