கையகல மண் போதும். வீட்டுக்குக் கீரை கிடைக்கும்!

வண்ணாரப்பேட்டையில் தோட்டமா?

கேட்டதும் பலர் சிரிப்பார்கள். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் தெருக்கள். ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனங்கள். மனிதர் நடக்கவே இடம் இல்லை. செடிக்கு எங்கே இடம்?

கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மொட்டை மாடி இருக்கிறது. மாடிப்படியின் ஓரம் இருக்கிறது. ஜன்னல் விளிம்பு இருக்கிறது. அங்கே வெயில் விழுகிறது. நாளுக்கு 5, 6 மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். அதுவே தோட்டம் போட ஏற்ற இடம்!

துணி உலர்ந்த வெளி

இந்தப் பேட்டைக்குப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். 18-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து கப்பலில் துணி ஏற்றுமதி செய்தது. அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் இது. துணியை உலர்த்த வெட்டவெளி வேண்டும் அல்லவா? அன்று அது தாராளமாக இருந்தது.

1856-ல் ராயபுரம் ரெயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது. தொழிற்சாலைகள் வந்தன. 2019-ல் மெட்ரோ ரெயிலும் வந்தது. வெட்டவெளி எல்லாம் வீடாகிவிட்டது. துணி உலர்த்துவது மாடிக்குப் போனது. தோட்டமும் மாடிக்குத்தான் போகவேண்டும்!

பிரதமர் வீட்டில் பயிர்

வீட்டிலேயே உணவு விளைவிப்பது புதிய பழக்கம் அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது, 1943-ல், அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன.

1965-ல் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. பாகிஸ்தானுடன் போரும் நடந்தது. அப்போது பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, டெல்லியில் தம் வீட்டுப் புல்வெளியை உழுது பயிர் செய்தார். ஊருக்குச் சொன்னதைத் தாமே செய்து காட்டினார்!

2013-14-ம் ஆண்டில் தமிழக அரசு, சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. செடி வளர்க்கும் பை, தென்னை நார்க் கழிவு, காய்கறி விதை ஆகியவை தோட்டக்கலைத் துறை மூலம் மானிய விலையில் வழங்கப்பட்டன.

கீரை ஏன் வேண்டும்?

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு கவலையான செய்தியைச் சொன்னது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை!

ரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். அது கீரையில் இருக்கிறது. கீரைச் சோற்றுடன் எலுமிச்சம்பழம் சேர்த்துக்கொண்டால், அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சோகை அதிகம் உள்ளவர்கள் டாக்டரிடமும் காட்டவேண்டும்.

மண்ணும் தண்ணீரும்

வடசென்னையில் ஒன்றை மறக்கக்கூடாது. இது பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. 2013-ல் தொண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்துவிட்டது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் நீர் நிலத்துக்குள் புகுந்து, கிணற்று நீர் உப்பாகியிருக்கிறது.

ஆகவே, பட்டறை இருந்த இடத்து மண்ணை அள்ளி வந்து கீரை விதைக்காதீர்கள். எண்ணெய் வாடை வீசும் தண்ணீரும், உப்புத் தண்ணீரும் ஆகாது. மழைநீரைப் பிடித்து வையுங்கள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

தொட்டியில் ஒரு நன்மை உண்டு. அதில் போடும் மண் நீங்கள் பார்த்துப் போடும் மண்! நல்ல செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. இவ்வளவுதான். காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் மக்க வைத்தால் உரத்துக்குச் செலவே இல்லை.

உடைந்த வாளி, பழைய தொட்டி எதுவும் உதவும். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். பெயிண்ட் டப்பா மட்டும் கூடாது.

எதை முதலில் விதைப்பது?

முளைக்கீரையில் தொடங்குங்கள். விதை மிகப் பொடி. மணலில் கலந்து தூவவேண்டும். சுமார் 25 நாளில் பறிக்கலாம். கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு, தண்டை ஊன்றினாலே தழைக்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்கவேண்டும். பிறகு மிளகாய், கத்தரி, தக்காளி.

தலையில் வைக்கப் பூ வேண்டாமா? ஒரு தொட்டி குண்டுமல்லி வையுங்கள். நவம்பர் கடைசியில் கிளைகளை வெட்டிவிட்டால், மார்ச் மாதம் முதல் அரும்பு விடும்.

இரண்டு எச்சரிக்கை

20 லிட்டர் வாளி நிறைய ஈரமண் போட்டால், அது 30 கிலோ எடைக்குக் குறையாது. பழைய வீட்டு மாடியில் தொட்டிகளை நடுவில் குவிக்காதீர்கள். சுவர் ஓரமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கொசு. தொட்டிக்குக் கீழே தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகப் பறக்கும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். மழைநீர்த் தொட்டியையும் துணியால் இறுக மூடவேண்டும்.

ஒரே தொட்டியால் சந்தைச் செலவு முழுவதும் மிச்சமாகாது. ஆனால், குழந்தையின் தட்டில் வாரம் ஒரு நாள் நல்ல கீரை விழும். விதை முளைப்பதை அந்தக் குழந்தை கண்ணால் பார்க்கும்.

அடுப்படியில் ரசம் கொதிக்கிறது. "அத்தே, கொத்தமல்லி இல்லையே!" என்கிறாள் மருமகள்.

"மாடியில கிள்ளிக்கிட்டு வாம்மா!" என்கிறார் மாமியார்.

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் கேட்கவேண்டாமா? இன்றே ஒரு பிடி விதை வாங்குங்கள்!