குருதியின் குருத்து

சத்தியமங்கலத்துத் தோட்டங்களில் வாழைத்தண்டை வெட்டினாலும், ஓரிரு நாளில் நடுவே குருத்து மேலெழுவதைக் கண்டிருப்பீர்கள். நம் உடலிலும் அத்தகைய குருத்து உண்டு. எலும்பு மஜ்ஜையில் உறையும் சில உயிரணுக்கள் தாமும் பெருகி, நாள்தோறும் புதிய குருதியணுக்களையும் ஈன்றளிக்கின்றன. ஸ்டெம் செல் எனப்படும் இவையே குருத்தணுக்கள். 1961-இல் கனடா நாட்டு அறிஞர்களான டில், மெக்கல்லக் இருவரும் எலிகளைக் கொண்டு இவற்றின் ஆற்றலை மெய்ப்பித்தனர்.

இதனால் நமக்கு யாது பயன்? சத்தியமங்கலம் மலைகளை அடுத்த நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாளணு நோயின் கூறு உள்ளதென 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தாய், தந்தை இருவரிடமும் அக்கூறு இருப்பின், பிறக்கும் குழந்தையை அந்நோய் பற்றக்கூடும். வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும், வலியோ பொறுக்கவொண்ணாதது.

பிழை குருத்தணுவின் மரபிலே இருப்பதால், தீர்வும் அங்கேயே உள்ளது. பிறர் மஜ்ஜையைப் பெறலாம். ஆனால் பொருத்தமான கொடையாளி கிடைப்பது அரிது. நோயாளியின் குருத்தணுவையே எடுத்துத் திருத்தி மீண்டும் செலுத்தும் முறைக்கு அமெரிக்கா 2023 டிசம்பரில் இசைவளித்தது. விலையோ 22 இலட்சம் டாலர்! மலைச்சாரலின் கூலித் தொழிலாளி இதை எண்ணிப் பார்க்கவும் இயலுமா?

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 1986-இலேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, குருதி உறையா நோயுற்ற ஐவரின் குருத்தணுக்களில் புதிய மரபணுவை ஏற்றி வெற்றி கண்டதை 2024-இல் வெளியிட்டது. அறிவு நம் நாட்டில் இருக்கிறது. அதனை எளியோர்க்கும் எட்டும் விலையில் ஆக்கித் தருவோரே நாளைய வாணிகத்திலும் முன்னிற்பர். மாணவர்களே, அப்பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.